விழுந்தார், விழுந்துகினு இருந்தார்

வட இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், தினமும் காலையில் வார்டிலிருந்து எங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஃபோன் வரும். "ஐ வில் ஹேவ் ஹிம் கம் டவுன்" என்பார் வார்டு நர்ஸ். ஹேவ் என்றால் வைத்திருப்பது என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, கீழே வருவதற்கென்றே அவர் ஓர் ஆளை வைத்திருப்பதாகத்தான் வந்த புதிதில் கேட்டது. வீடு வைத்திருக்கிறார்கள், நாய் வைத்திருக்கிறார்கள், கீழே வருகிற ஆளையும் வைத்திருக்கிறார்கள். பணக்கார நாடு என்று நினைத்துக்கொண்டேன். நோயாளியை அனுப்பிவைக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

இலக்கணம் எனக்குத் தெரியாதது அல்ல. செங்கல்பட்டில் எங்கள் ஆங்கில டீச்சர் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். லெட், மேக், பிட், சீ, ஹியர். இவற்றுக்குப் பின்னால் ஆள் வரும், ஆளுக்குப் பின்னால் வினைச்சொல் வரும், நடுவில் 'டு' வராது. திருப்போரூரில் முடி இறக்கிய மாதிரி என்பார். அதனால் நாங்கள் அதை மொட்டை வினை என்றே சொல்வோம். செய்தவர் யார் என்பதை மறைத்து எழுதும்போது மட்டும் மொட்டையில் 'டு' மறுபடி முளைக்கும். தே மேட் ஹிம் கோ. ஹி வாஸ் மேட் டு கோ. பட்டியல் என்றால் எனக்கு உயிர், இதையும் விடாமல் ஒப்பித்தேன். எங்கள் வாயிலிருந்து 'கினு'வைப் பிடுங்கியதும் அதே டீச்சர்தான். வந்துகொண்டு, போய்க்கொண்டு என்னாமல் வந்துகினு, போய்க்கினு என்று யாராவது சொன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். எக்ஸ்ரே படிப்பை முடிப்பதற்குள் என் பேச்சில் கினு அற்றுப்போயிருந்தது. இங்கே வரும்போது சுத்தமான தமிழும் சுத்தமான இங்கிலீஷும் கொண்டுவந்தேன். முதலாவதைப் பேச இங்கே ஆளில்லை. இரண்டாவதை இங்கே யாரும் பேசுவதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு பெரியவரை இடுப்புப் படம் எடுக்கக் கொண்டுவந்தார்கள். ட்ராலியைத் தள்ளிவந்தவர் வின்ஸ்டன், ஜமைக்காக்காரர், எங்கள் ஆஸ்பத்திரிப் போர்ட்டர். என்னை 'இந்தியா' என்று கூப்பிடுவார். பதிலுக்கு நான் 'ஜமைக்கா' என்பேன். இரண்டு முழு நாடுகளாக உட்கார்ந்து டீ குடிப்போம். அன்று நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால் மெஷினைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எதுவோ இடித்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். ட்ராலிக்கும் மேஜைக்கும் நடுவில் பெரியவர் பாதி இறங்கியிருந்தார். வின்ஸ்டனின் இரண்டு கைகளும் அவர் பக்கம் நீண்டிருந்தன. அடுத்த கணம் பெரியவர் தரையில். மணிக்கட்டு முறிந்தது, அதையும் நானே படம் எடுத்தேன்.

"ஹி லெட் மீ ஃபால்" என்றார் பெரியவர். எங்கள் டீச்சர் கணக்கில் லெட் என்றால் அனுமதி. விழுவதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்று ஒரு கணம் குழம்பினேன். பிடியை விட்டுவிட்டான் என்கிறார். வின்ஸ்டனோ, ட்ராலியின் பிரேக் பிடிக்கவில்லை, முன்பே சொல்லியிருக்கிறேன் என்றார். பிரேக்கா, கையா என்பதில் அவருடைய வேலை இருந்தது. நிர்வாக அதிகாரி என்னிடம் கேட்டார். "ஐ ஸா ஹிம் ஃபால்" என்றேன். 'டு' இல்லாமல், பெஞ்சு மேல் ஏறத் தேவையில்லாமல், மிகச் சரியாக.

மறுநாள், பெரியவர் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்றாக்கி டைப் செய்த தாள் என் கையெழுத்துக்காக வந்தது. 'த போர்ட்டர் வாஸ் ஸீன் டு லெட் த பேஷன்ட் ஃபால்.' நோயாளியைப் போர்ட்டர் விழவிட்டது காணப்பட்டதாம். கண்டது யார்? அவர்கள் இருவரையும் தவிர அறையில் இருந்தது நான் ஒருத்தி. நான் மறைந்துபோய், அந்த இடத்தில் 'டு' முளைத்திருந்தது. இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு மீன்கூடை ஞாபகம் வந்தது. அப்பா, செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் பள்ளியில் படிக்கும்போது, திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் அந்தப் பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் இறங்குவதற்குள் அப்பா விசில் கொடுத்துவிட்டாரா, இல்லை ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவராகவே குதித்தாரா என்பதுதான் கேள்வி. முதலாளியின் ஆபீஸில் விசாரணை. நானும் அப்பாவோடு போயிருந்தேன். சாட்சி பட்டம்மா, கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு தினமும் அந்தப் பஸ்ஸில் வருகிறவர். ஆள் விழுந்ததைப் பார்த்தாயா என்று கிளார்க் கேட்டார்.

"நா இன்னா சாமி, மொதல்லேர்ந்து சினிமாவா பாத்துகினு இருந்தேன்? கூடையப் பாத்துகினு இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்புனா ஆளு வுழுந்துகினு கீறாரு. அவ்ளோதான்."

கிளார்க், 'அவர் விழுந்ததைக் கண்டேன்' என்று எழுதிக்கொண்டார். மீன்வாடை இல்லாத தமிழ். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. விழுந்ததைக் கண்டவள் குதித்ததாகச் சொல்லவில்லை, ஆகவே குதிக்கவில்லை என்று முதலாளி முடிவு கட்டினார். பட்டம்மா கூடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. வேறொரு முதலாளி கிடைக்கும்வரை அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா நல்லாத்தான் சொல்லிச்சு. எழுதிகினு வந்தா வேற மாதிரி கீது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். நான் சொல்லியிருக்க வேண்டியது ஃபால் அல்ல, ஃபாலிங் என்றேன். அவர் கனிவாகச் சிரித்தார். 'ஸா ஹிம் ஃபால்' சரியான இங்கிலீஷ்தான், கவலைப்பட வேண்டாம், உன்னுடைய இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது என்றார்.

"இங்கிலீஷ் சரிதான். நடந்ததுதான் அது இல்லை" என்றேன்.

பார்த்தவற்றை வரிசையாகச் சொன்னேன். ஒன்று, பாதியில் இருந்த பெரியவர். இரண்டு, நீண்டிருந்த கைகள். மூன்று, மேஜையை விட்டு நகர்ந்திருந்த ட்ராலி. பார்க்காதது ஒன்றுதான்: முதலில் விலகியது கையா, ட்ராலியா. ஃபால் என்றால் தொடக்கத்திலிருந்து தரை வரைக்கும். ஃபாலிங் என்றால் நடுவில் ஒரு துண்டு. என்னிடம் இருப்பது துண்டுதான். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, உங்கள் மொழியில் இந்த வித்தியாசத்துக்குச் சொல் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் பள்ளியில் அனுமதி இல்லை என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, உங்கள் பள்ளிகள் கண்டிப்பானவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார்.

தாள் மாறியது. ட்ராலியைச் சோதித்தபோது பிரேக் தேய்ந்திருந்தது தெரிந்தது. வின்ஸ்டனின் வேலை தப்பியது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். பெரியவரை நான் பிடித்ததைப் பார்த்ததாகவே நீ சொல்லியிருக்கலாமே, இந்தியா என்றார். அதையும் நான் பார்க்கவில்லையே, ஜமைக்கா என்றேன். சிரித்தார், ஆனால் அன்று பிஸ்கட்டை என் பக்கம் தள்ளவில்லை. டீயைக் குடித்து முடித்த பிறகுதான், நீ இங்கே ஒரேயடியாக வந்துவிட்டாயா, இல்லை ஊருக்குத் திரும்பிப் போவாயா என்று கேட்டார்.

நான் புறப்பட்ட அன்று மீனம்பாக்கத்தில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் படியேறியதிலிருந்து விமானம் புள்ளியாகி மறையும்வரை பார்த்தாளாம். ஷீ ஸா மீ கோ. முதலிலிருந்து கடைசிவரை, சரியான மொட்டை. ஊரில் யார் கேட்டாலும், போயே போய்விட்டேன் என்கிற மாதிரி, "பொண்ணு பூட்டா" என்கிறாள். இங்கே இருப்பவர்கள் யாரும் நான் வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. அவர்கள் திரும்பிப் பார்த்தபோது நான் நடுவில் இருந்தேன். வின்ஸ்டன் பதிலுக்குக் காத்திருந்தார். பெஞ்சு மேல் ஏறி நின்று சொல்வதைப் போல, மனசுக்குள் மட்டும் ஒன்று வந்தது. போய்க்கினு கீறேன்.