வேப்பிலை கட்டிய வீட்டுக் கிணறு

சென்ற சித்திரையில் எங்களைவிட்டுப் பிரிந்த அண்ணனின் நினைவு மலர் இது. அவர் அலங்காநல்லூரில் பிறந்தவர். அப்பா சிறு வயதிலேயே இறந்ததால், மதுரையில் காபி கிளப் நடத்தும் சித்தப்பா எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அண்ணன் தல்லாகுளம் கோர்ட்டில் குமாஸ்தாவானார். அந்த நன்றியில் கடைசிவரை சித்தப்பாவின் சொல்லை அவர் சந்தேகித்ததில்லை.

திருவிழாக் கூட்டத்தோடு மதுரைக்குள் வாந்திபேதி வந்தது. நோய் கண்ட வீட்டுக் கிணறுகளில் முனிசிபாலிட்டி ஆட்கள் மருந்து கொட்டி, தண்ணீர் இறைக்கத் தடை போட்டார்கள். அப்போதுதான் சித்தப்பா வீட்டு வாசலில் வேப்பிலை ஏறியது. மகனுக்கு அம்மை என்றார். அம்மை கண்ட வீட்டுக்குள் முனிசிபாலிட்டி ஆட்கள் உட்பட யாரும் நுழைய மாட்டார்கள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கிணறு. காபி கிளப்புக்கும் அதிலிருந்தே தண்ணீர் போயிற்று.

நான் பத்திரிகை வேலைக்கு விடுப்புப் போட்டு வந்திருந்தேன். அம்மை வீட்டில் தாளிக்க மாட்டார்கள். சித்தப்பா வீட்டிலிருந்தோ கடுகு வெடிக்கும் வாசனை வந்தது. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன்.

"என்னண்ணே, ஆத்தா எறங்குன வீட்ல தாளிக்கிறாக?"

"பத்திரிகைக்காரன் மூக்கு அடுத்த வீட்டு அடுப்புக்குள்ளயும் போகுதாக்கும்? சித்தப்பா பொய் சொல்லுவாகளா? சும்மா இருடா."

சிரித்துக்கொண்டே வாளித் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். வீட்டுக்குள் மதினி காய்ச்சிய தண்ணீரைத்தான் கொடுப்பார். மறுநாள் அண்ணன் படுத்தார். பொழுது சாயுமுன் இறந்தார்.

"பழைய சோத்தப் போட்டே கொன்னுட்டாளே பாவி!" என்று சித்தி பாடை முன்னே நின்று மதினியைக் காட்டி அழுதார். இதைப் படிக்கும் சொந்தக்காரர்களே, நீங்கள் அதை நம்பினீர்கள். மதினி கைக்குழந்தையோடு திருவாதவூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போனார். இன்றுவரை உங்களில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கும் அவருக்கு அழைப்பு இல்லை.

சித்தப்பா மகன் பிழைத்து எழுந்தான். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. சித்தப்பாவை நேரில் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"கெணத்துல மருந்தக் கொட்டிட்டா திருவிழா யாவாரத்துக்கு எங்கிட்டுடா போவேன்? நடந்தது நடந்துபோச்சு. மலர்ல இறைவன் சித்தம்னு போட்டுரு."

போடவில்லை. அண்ணன் வாந்திபேதியில் இறந்தார். வீட்டில் நோய் இருப்பது தெரிந்தே சித்தப்பா மறைத்தார். மதினி அன்று போட்டது சுடுசோறு. நானும் அதையே உண்டேன்.

அஞ்சாமல் வந்து பார்த்த டாக்டருக்கும், நீங்கள் ஒதுங்கி நின்றபோது பாடை தூக்கிய கோர்ட் நண்பர்களுக்கும், கடைசிவரை அண்ணனின் வாந்தியைத் தன் கையால் துடைத்த மதினிக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரை இன்று காலை முதல் சித்தப்பாவின் காபி கிளப் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நானே கொடுக்கிறேன். படித்துவிட்டு உள்ளே போகிறவர்கள் போகலாம்.