கிடைக்கு நடுவே ஒரு கல்லறை

செருப்பை வண்டிக்குள் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிய டிரைவர் அண்ணாச்சி, என் ஷூவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “கழட்டிருங்க சார். இல்லன்னா கரிசல் கழட்டிரும்,” என்றார். நான் கேட்கவில்லை. பத்தடி போவதற்குள் ஒரு ஷூ மழையில் குழைந்த கருமண்ணோடு தங்கிவிட்டது. சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் என்ற மிதப்பும் அதோடு போயிற்று. எங்களோடு வந்த இங்கிலாந்து மூதாட்டியோ அண்ணாச்சி சைகை காட்டியதுமே வெறுங்காலோடு இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி நடந்தார். பயணிகளோடு ஊர் ஊராக அலைவதுதான் என் பிழைப்பு. எத்தனையோ ஓட்டுநர்களைப் பார்த்துவிட்டேன், அண்ணாச்சியைப் போல் ஒருவரைப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் நடந்தது இது. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் இறந்த கும்பினிப் படை அதிகாரி ஒருவர் அந்த அம்மாவின் முன்னோர். அவருடைய கல்லறையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் வந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது, இன்னொரு முறை வர உடம்பு இடம் கொடுக்காது. சாயங்காலம் தூத்துக்குடியில் விமானம். கோவில்பட்டியில் காரில் ஏறியதிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: கல் இன்னும் இருக்குமா?

இருந்தது. உழுத புஞ்சைகளுக்கு நடுவே ஒரு சரள் மேடு. அதில் பெயர் பாதி அழிந்த கல், கல்லின் மேல் செம்மறிகள், சுற்றிலும் புழுக்கை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆடுகளை விரட்டப் போனேன். ஆட்டுக்காரர் தெலுங்கில் நாயை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் சார் வெரட்டுதீங்க? கல்லுக்கு அடியில இவிய படுத்திருக்கதாலதான் இந்த மேட்ட ஒருத்தரும் உழல. மழைச் சேத்துக்கு எங்க ஆடு ஒதுங்க வேற எடம் ஏது?”

“புழுக்கை உரத்துக்காக எங்க நெலத்துல ராத்திரி ஆட்டக் கெடை போடுங்கன்னு வெள்ளாம செய்யுத சம்சாரிக இந்த ஆட்டுக்காரவுக பின்னால அலையுதாங்க. இங்க படுத்திருக்கவருக்குக் கேக்காமலே போட்டிருக்கு,” என்றார் அண்ணாச்சி.

மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு உள்ளபடியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மா ஆடுகளை எழுப்ப விடவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்து, கல்லில் கைவைத்துச் சத்தமில்லாமல் அழுதார்.

நேரமாகிறது என்று சொல்லப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பிளேனுக்கு நான் பொறுப்பு சார். எங்க பாட்டனுக்குப் பாட்டனும் அதே சண்டையிலதான் செத்தாராம், கோட்டைக்காரங்க பக்கம் நின்னு. எங்கன பொதச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. எங்க வீட்ல ஒருத்தரும் இப்படி ஒக்காந்து அழுததில்ல. அந்த அம்மா அழுது முடிக்கட்டும்.”