வனேடியம் தின்ற லாரிக்காரர்

அமெரிக்காவின் டொலிடோ நகரில் லெஸ்டர் கஸ்மரெக்குக்குத் தெரியாத நெடுஞ்சாலை கிடையாது. தெரியாத வைத்தியமும் கிடையாது. எங்கள் கம்பெனியில் யாருக்கு எந்த லோடு என்று பிரித்துக் கொடுப்பவன் நான். தூரத்து லோடென்றால் அவர்தான். இருபத்திரண்டு வருட அனுபவம், பதினொரு வருடச் சர்க்கரை நோய்.

தொண்ணூற்றேழில் டாக்டர் இன்சுலின் எழுதினார். இன்சுலின் போடுபவர் மாநில எல்லை தாண்டி லாரி ஓட்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். சர்க்கரை ஏறினால் குற்றமில்லை, ஊசி ஏறினால்தான் குற்றம் என்று லெஸ்டர் அதற்கு வியாக்கியானம் செய்தார். உரிமத்துக்கான உடற்சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டி சத்துமாத்திரைக் கடை வைத்திருந்த கஸ்ஸிடம் போனார். கஸ்ஸின் படிப்பு முழுவதும் புஜத்தில் இருந்தது.

"வனேடியம்ணே. எஃகுல சேக்கிற உலோகத்தோட உப்பு. இன்சுலின் செய்யிற வேலைய இதே செஞ்சிடும். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க."

"எலிக்கு என்னாச்சு?"

"சர்க்கரை எறங்கிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எலிய யாருண்ணே விசாரிச்சா?"

கஸ் சொன்னது முழுப் பொய்யில்லை, அதுதான் வம்பு. ஆராய்ச்சிக்கூடங்களில் வனேடியம் உப்பு சர்க்கரையைக் குறைத்தது உண்மை. உதவும் அளவுக்கும் உபத்திரவ அளவுக்கும் இடைவெளி குறைவு, எலும்பிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடும் என்பதும் உண்மை. புட்டியில் முதல் உண்மைக்கு மட்டுமே இடமிருந்தது.

நாளுக்கு ஒன்று என்று அச்சிட்டிருந்தார்கள். அது ஸ்கூட்டர் ஓட்டுபவனுக்கு என்று லெஸ்டர் ஆறு விழுங்கினார். இரண்டே நாளில் கழிப்பறைக்குக் குடிபோனார்.

"யோவ், உள்ள என்னய்யா பண்றே?" என்று மனைவி ரொவீனா கதவைத் தட்டினாள்.

"உடம்புல இருக்கற விஷம் வெளிய போகுது."

"நீ காசு குடுத்து வாங்கிப் போட்ட விஷந்தானே?"

முந்நூற்றுப் பத்தில் இருந்த சர்க்கரை நூற்றறுபதுக்கு வந்தது. வேலை செய்தது வனேடியமா, வயிற்றில் ஒரு கவளமும் தங்காததா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவர் ஏன் கேட்கப்போகிறார்?

சோதனையன்று சிறுநீரில் சர்க்கரை இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட லெஸ்டர் பேனாவைக்கூட எடுத்து நீட்டிவிட்டார். சோதனை செய்த டாக்டர் பிளங்கெட் நாக்கை நீட்டச் சொன்னார். பாசி பிடித்த பச்சை.

"என்ன சாப்ட்டீங்க?"

"பச்ச மிட்டாய் டாக்டர்."

டாக்டர் குச்சியால் சுரண்டினார். பச்சை போகவில்லை. "எண்ணெய் பாய்லர்ல கரி வழிக்கறவங்க நாக்கு இப்படி இருக்கும். வனேடியம் தூசி. நீங்க பாய்லர் வேலையா?"

"இல்ல சார், அத நான் மாத்திரையா சாப்பிடறேன்!" என்றார் லெஸ்டர், தன்னைப் பாய்லர்காரராக எண்ணிய அவமானம் தாங்காமல். சொல்லிக்கொண்டே விறைப்பாக எழுந்தார். தண்ணீரெல்லாம் வற்றிய உடம்பு, கண் இருட்டி டாக்டர் மேலேயே சாய்ந்தார்.

"நாப்பது டன் வண்டிய ஓட்டறப்ப இப்படி சாஞ்சா, யாரு மேல சாய்வீங்க?" என்றார் பிளங்கெட். கையெழுத்துப் போடவில்லை.

இப்போது லெஸ்டர் ஒழுங்காக இன்சுலின் போடுகிறார். சர்க்கரை கட்டுக்குள், நாக்கு பழைய நிறத்தில். எங்கள் கம்பெனி முற்றத்திலேயே, சரக்கு ஏற்றும் இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு டிரெய்லர் மாற்றுகிறார். காலையில் என் ஜன்னலுக்கு வருவார்.

"மெம்பிஸ் போற லோடு யாருக்கு?"

சொல்வேன்.

"அந்தப் பயலுக்கா? பாலத்துக்கு முன்னாடியே டீசல் போட்டுக்கச் சொல்லு."

தலையாட்டுவேன். அவர் நகரும்வரை காகிதத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை.