நான்காவது தட்டு

மாட்டுங்கா ஸ்டேஷனில் தமிழ்ப் பத்திரிகை விற்பவர்தான் எனக்குச் சொன்னார். "உங்க பிளேட்டுக் கடை அண்ணாச்சி நேத்து சாயந்திரம் போயிட்டார்மா." ஆபீஸுக்குப் போகும் வண்டி வந்தது. நான் ஏறவில்லை.

தாராவியில் முத்தையா அண்ணாச்சியின் கடைக்குப் போனவர்களுக்கு அவர் பழைய இசைத்தட்டுகளைத் தரம் பார்க்கும் முறை தெரியும். முதலில் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு நடுக்காகிதத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுச் சுழலவிடுவார். கோடு ஊசியைக் கடக்கும்போதெல்லாம் 'டக்' என்று கேட்டால் அது விரிசல். "விரிசலுக்கு நேரம் தப்பாது. பாட்டுதான் முன்னப் பின்ன வரும்" என்பார். உறைமேல் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் எழுதுவார்; ஒன்று முதல்தரம், மூன்று விரிசல் விட்டது. கல்யாணப் பரிசுக்காக மூன்றை ஒன்றாக்கச் சொன்ன வக்கீலிடமிருந்து தட்டையே திரும்ப வாங்கிக்கொண்டவர் அவர்.

யுத்த காலத்தில் இசைத்தட்டு செய்யும் அரக்கு கிடைக்கவில்லை. விரிசல் விட்ட தட்டுகளை நொறுக்கிப் புதுத் தட்டு செய்ய அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் நான் போனபோது, நொறுக்கப்போகும் தட்டுகளை வாங்கிப்போகும் தரகர் தங்கப்பழம் சாக்கோடு உட்கார்ந்திருந்தார். சாக்கில் மேலாக நான்கு தட்டுகள். ஊரைவிட்டுப் போன ஐரோப்பியர் ஒருவர் விற்றவை. உறையில் இருந்த பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. இரும்பையும் மரத்தையும் தட்டியே எழுப்பும் அந்தப் புதுமாதிரி இசையைப் பற்றி நான் படித்திருந்தேன், கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வழியிராது. ஓயாத 'டக் டக்'கைக் கேட்டு, கோடு போடாமலே அண்ணாச்சி நான்கையும் விரிசல் என்று ஒதுக்கியிருந்தார்.

அது விரிசல் இல்லை, அந்த இசையே அப்படித்தான் என்று நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. தட்டுகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டுச் சுழலவிட்டார்.

"இது பாட்டுன்னா எங்க வீட்டு அடுக்களையில தெனமும் கச்சேரிதான்" என்றார் தங்கப்பழம். லாரி நிற்கிறது என்று அவசரப்படுத்தினார்.

மூன்று தட்டுகளில் ஓசை கோட்டோடு சேரவில்லை. நான்காவதில் சேர்ந்தது. மற்ற ஓசைகளுக்கு நடுவே, கோடு வரும்போதெல்லாம் ஒரு 'டக்'. தரகர் கையை நீட்டினார்.

"ஏம்மா, இது என்னது? நீயே சொல்லு" என்றார் அண்ணாச்சி.

நான் கோட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். "அதுவும் இசைதான் அண்ணாச்சி."

அவர் சுழலும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியைத் தூக்கினார். "பிள்ள பாட்டுன்னுதான சொல்லுது. விடும்வே" என்று தரகரிடம் சொல்லிவிட்டு, திரும்பி நின்று உறைகளில் எழுதி நான்கையும் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மூன்று உறைகளில் 'ஒன்று'. நான்காவதில், 'மூன்று. விரிசல் உண்டு. தெரிந்தே கொடுத்தது.'

அதன்பின் பலமுறை போனேன். நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட வேண்டும் என்று போய், ஊசி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவரும் கேட்கவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பென்சில் வரிதான். அதைப் படித்தேன் என்று கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை.