எலிகளின் ஈரப் படுக்கை

இந்த நாட்டில் எலியைப் பார்க்கப் போவதற்கு முன் நான் கைகால் கழுவி, தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக்கூண்டு சுத்தம் செய்வது என் வேலை. எலிகளுக்கு ஏசி அறை. எங்கள் விடுதியில் மின்விசிறிதான். நாமக்கல் கோழிப்பண்ணையில் இருந்தபோது தீவனம் தின்ன வரும் எலிகளை அடிப்பதும் என் வேலையாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பேசவும் கூச்சம். கூண்டைத் துடைத்துவிட்டு ஒருவரிடமும் பேசாமல் வந்துவிடலாம் என்பதே இந்த வேலையில் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வரிசைக் கூண்டுகளில் மட்டும் மரத்தூள் எந்நேரமும் நனைந்து கிடந்தது. பண்ணையில் தரை ஈரமானால் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில், எலிகளின் தண்ணீர்ப் புட்டிகள்தான் ஒழுகுகின்றன என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி செய்யும் பெண் ஓடி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்.

“அண்ணே, போத்தலை ஏன் மாத்துறீங்க?”

“ஒழுகுதுங்க. கீழ பூரா ஈரமுங்க.”

“ஒழுகலை அண்ணே. இதுங்களுக்கு சர்க்கரை நோய். நிறையக் குடிக்கும், நிறைய ஒண்ணுக்குப் போகும். நாங்கதான் ஊசி போட்டு வர வெச்சோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டுமென்றே நோயை வரவைப்பார்களா? மூளையைச் சோதிக்கத்தான் என்றார். சர்க்கரை காலையும் கண்ணையும் கெடுக்கும் என்று தெரியும்; மூளையையுமா? அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று பொடிப்பொடியாக இருக்கிறதாம். உணவைச் சக்தியாக மாற்றுவது அதுதான். அந்த வேலையை நடத்துபவை நொதிகள். சர்க்கரை நெடுநாள் அடங்காமல் இருந்தால் மூளையில் அந்த நொதிகள் சில மந்தமாகிவிடுகின்றன. இரத்தம் நிறையச் சர்க்கரை, மூளைக்கோ சக்தி போதாது. ஞாபகம் தடுமாறலாம். சில எலிகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, தேறுகிறதா என்றும் பார்க்கிறார்களாம்.

“மனுசங்களுக்கும் அப்படித்தானுங்களா?”

“அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறோம். முழுசாத் தெரியலை அண்ணே.”

சேந்தமங்கலத்தில் இருக்கும் என் மனைவி பாவாயிக்குச் சர்க்கரை வந்து பல வருடம். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, மாத்திரையைச் சரியாகப் போட்டு, நல்ல ரிசல்ட் வாங்கிவிடுவாள். மற்ற நாட்களில் மாத்திரை டப்பாவில் தூங்கும். நம் பக்கம் பலரும் செய்வதுதானே. கொஞ்ச நாளாக அவள் பாலை அடுப்பில் வைத்து மறக்கிறாள். காலையில் போனில் சொன்னதையே மாலையில் புதிதாகச் சொல்கிறாள். களைப்பு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏனுங்க, எலிக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? கூண்டு கழுவப் போன எடத்துல டாக்டர் ஆயிட்டீங்களாக்கும்!”

“சிரிக்காத புள்ள. அதுங்களுக்கு ஊசி போட்டு வரவெக்கறாங்க. நீ மாத்திரை போடாமயே வளத்துக்கிட்டிருக்கற.”

அவள் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள்.

“மாத்திரை குடுத்த எலி தேறுச்சுங்களா?”

“கொஞ்சம் தேறுதுன்னு அந்தம்மா சொல்லுச்சு.”

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். “இந்தவாட்டி ஏமாத்தாமப் போனனுங்க. டாக்டரு ரிசல்ட்டப் பாத்துட்டு, மெசினு ரிப்பேராட்டம் இருக்குதுன்னு மறுக்கா ரத்தம் எடுத்தாரு!” அவள் சிரித்தாள். மறுபடி எடுத்த ரத்தத்திலும் சர்க்கரை அதே உச்சத்தில்தான் இருந்ததாம். மாத்திரையை மாற்றித் தந்திருக்கிறார்கள். மறதிக்குத் தனியாகச் சோதனை செய்ய வேண்டுமாம்.

இப்போது அங்கே காலைச் சாப்பாடு முடியும் நேரம் இங்கே என் டீ நேரம். கட்டிடத்தின் பின்பக்கம் நின்று வீடியோவில் கூப்பிடுகிறேன். பாவாயி மாத்திரையை வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறாள். “போதுமுங்களா?” என்று வாயைத் திறந்து காட்டுகிறாள். ஒவ்வொரு முறை அவள் விழுங்கும்போதும், கடலுக்கு இந்தப் பக்கம் என் தொண்டையும் ஏறி இறங்குகிறது.