புருவத்தால் சொன்ன ஓம்

மகளின் இரண்டு வயதுப் பரிசோதனையில், சிறுபிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் தாதியான ஹெல்த் விசிட்டர், பிள்ளை கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று எழுதினார். 'இல்லை' சொல்வாள், 'ஓம்'தான் இன்னும் வரவில்லை என்றேன். சொன்னது சரிதானா என்று பிறகு மூன்று நாட்கள் யோசித்தேன். வீட்டில் அவளோடு பேசுவதை ஒரு வீடியோ எடுத்துவரச் சொல்லியிருந்தார். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதா இல்லையா என்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாமாம்.

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில், கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து எடுத்தேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். பால் வேணுமோ என்று கேட்கிறேன். அவள் என்னைப் பார்த்து இரண்டு புருவங்களையும் சட்டென்று தூக்கி இறக்குகிறாள். நானும் பேசாமல் பாலை எடுத்துக் கொடுக்கிறேன். பிறகு அவள் பிஸ்கட் டின்னைத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். என் புருவம் எழுந்து இறங்குகிறது. அவள் டின்னைத் திறக்கிறாள்.

அந்த இடத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான்கு வயதிலிருந்து பதினொரு வயதுவரை பிலிப்பைன்ஸில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமத்தில் வளர்ந்தேன். அப்பாவுக்கு நெல் ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலை. அறுவடை முடிந்தால் பாதி ரோட்டில் நெல் காயும். வாகனங்கள் மற்றப் பாதியால் போகும். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் உதட்டைக் குவித்துத் திசையைக் காட்டினால் போதும். 'ஓம்' என்பதற்குப் புருவம். பள்ளியில் ஆசிரியை பேர் கூப்பிட்டாலும் புருவத்தைத்தான் தூக்குவோம். வாயைத் திற என்று அங்கே யாரும் என்னை வற்புறுத்தியதாக நினைவில்லை.

வந்து சில மாதங்களில், ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடி எனக்கு அவர்கள் பேச்சு பிடிபட்டிருந்த நேரம், அம்மா முட்டை வாங்கப் போனார். ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, அதைத்தான் கடையாக வைத்திருந்தார்கள். அம்மா வெறுங்கையோடு திரும்பிவந்து அப்பாவிடம் பொரிந்தார்.

"மூண்டு தரம் கேட்டன். புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாள். நான் என்ன பிச்சை கேக்கவோ போனனான்?"

"அம்மா, அவ ஓம் எண்டுதான் சொன்னவ," என்றேன்.

அம்மா நம்பவில்லை. அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரி என்னிடம், உன் அம்மாவுக்கு மூன்று தடவை ஓம் சொன்னேன், ஏன் ஓடிப்போனார் என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். ஆனால் வீட்டில் நான் புருவத்தைத் தூக்கினால் மட்டும் விடமாட்டார். "வாயில என்ன கொழுக்கட்டையோ? ஓம் எண்டு சொல்லு." சொல்லும்வரை சோற்றுக் கோப்பை அவர் கையிலேயே இருக்கும். பசியைவிட, சொல்லிவிட்ட பிறகும் சொல்லச் சொல்கிறாரே என்பதுதான் அலுப்பாக இருக்கும்.

அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். வீடியோ எடுத்த பிறகு நான்கு நாட்கள், பால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "ஓம் சொல்லு, யெஸ் சொல்லு" என்று மகளிடம் நின்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். இன்னும் உயரத் தூக்கினாள். ஐந்தாம் நாள் என்னால் ஏலவில்லை. கொடுத்துவிட்டேன்.

அடுத்த சந்திப்பில் வீடியோவைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். ஹெல்த் விசிட்டர் இரண்டு தரம் பார்த்தார். கேள்வி பிள்ளைக்கு விளங்குகிறது, பதிலும் சொல்கிறாள் என்று பழைய குறிப்பைத் திருத்தினார். ஆனாலும் சொற்கள் குறைவுதான். பயிற்சிக்குப் பெயர் பதியலாம், அல்லது ஆறு மாதம் பொறுத்தும் பார்க்கலாம் என்றார். பதிந்தால் அவளிடம் இல்லாத குறையை நானே எழுதிவைத்ததாகுமோ? பதியாவிட்டால், என் பழக்கத்தைச் சாட்டி இருக்கிற குறையை மறைத்ததாகுமோ? மகள் என் மடியில் இருந்தபடி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப பதியவா?" என்று கேட்டார்.

பதில் சொன்னேன். அவர் பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இன்னும் எழுதவில்லை என்று யோசித்த பிறகுதான், நான் வாயைத் திறக்கவேயில்லை என்பது விளங்கியது.