படம் போட்டது நான்தான்

இன்று காலை பிரேயர் முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்பு செல்வியின் அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார். தாராவியில் லெதர் பட்டறையில் வேலை செய்பவர். பின்னால் செல்வி அழுதுகொண்டு நின்றாள்.

"இதப் பாருங்க டீச்சர்" என்று போனை நீட்டினார்.

யாரோ அவள் பெயரில் ஒரு போலிக் கணக்கு தொடங்கி, அவள் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது.

"இன்னையோட இவ படிப்பு பந்த். டி.சி. குடுத்துருங்க."

"நான் எந்தப் போட்டோவும் போடலப்பா."

"பின்ன எப்படி வெளிய போச்சு? பொய்யா சொல்லுத?" கையை ஓங்கிவிட்டார்.

படத்தில் அவளுக்குப் பின்னால் எங்கள் அறிவியல் கண்காட்சி பேனர் தெரிந்தது. போன மாதம் நான் எடுத்து, பெருமையாக என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட படம்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அவள அடிக்காதீங்க. அந்தப் படத்தைப் போட்டது நான்தான்."

ஓங்கிய கை இறங்கியது. "நீங்களே இப்படிச் செஞ்சா நாங்க யார்ட்ட போய்ச் சொல்லுதது டீச்சர்?"

"வாங்க, போலீஸ்ல சொல்லுவோம்" என்றேன். மூவருமாகப் போலீஸில் புகார் கொடுத்தோம். டி.சி. பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் செல்வி சொன்னாள்: "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல டீச்சர்."

இணையப் பாதுகாப்பு பற்றி அவளுக்கு வகுப்பெடுத்தவளும் நான்தான்.

மாணவர் படங்களையெல்லாம் நீக்கிவிட்டேன். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர மாத்திப் போடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.